கல் குவாரியும் சுரங்கமே!

சுரங்கம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன நெய்வேலியும் கோலார் தங்கவயலும்தாம். திமிரிக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடித் தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். என் பெரிய தாத்தாவும் அப்படிப் போனவரே.

அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடித்து மாண்டவர்களைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். தூசியால் மாண்டவர்களைப் பற்றிப் பேசுவாரில்லை. தங்கம் கிடந்த பாறை குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அதைத் துளையிடும்போது பறக்கும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்தான் எமன். அது நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்குகிறது. தங்கிய இடம் தழும்பாகி இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்தில்லை. 1940களில் கோலாரில் நடந்த பரிசோதனையில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பெரிய தாத்தா இருமலோடு ஊர் திரும்பினார். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். நான் பிறக்குமுன்பே அவர் போய்விட்டார். அவருடைய சிகிச்சை அட்டை இன்றும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன கூலி என்று ஒருவர் கேட்டிருந்தால்?

இப்போது என் தந்தையார் கல் குவாரியில் ஜாக்ஹாமர் பிடிக்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். முகத்தில் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு! துண்டின் இழைகளுக்கிடையே அந்த நுண்துகள் தாராளமாக நுழையும் என்று நான் சொன்னால், "காலேஜ் படிச்சவன் பேசுறான்" என்று சிரிக்கிறார்.

1952-இல் வந்த சுரங்கச் சட்டத்திலேயே குவாரியும் சுரங்கம்தான். சுரங்கத் தொழிலாளிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு என்பதும் விதி. என் தந்தையாருக்கு இதுவரை ஒரு மார்பு எக்ஸ்ரேகூட எடுத்ததில்லை. அவர் சுரங்கத் தொழிலாளி என்பது அவருக்கே தெரியாது.

தூசியை அடக்கும் வழி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி சேறாகிவிடும். ஆனால், தண்ணீர் லாரி வரும்வரை காத்திருந்தால் யாருக்கு நட்டம்? அடிக்கணக்கில் கூலி வாங்குபவருக்குத்தான். ஆகவே, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி தராமல் 'தொழிலாளிக்கு அக்கறையில்லை' என்று மேஸ்திரிகள் குறை கூறுவதை நான் ஏற்கமாட்டேன்.

ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கை வகுத்தது. சிலிக்கோசிஸ் என்று சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம் என்று அறிவித்தது. நம் குவாரித் தொழிலாளருக்கும் அது வேண்டும். அதற்கு முன், இருமலோடு வருபவரிடம் நம் மருத்துவர்கள் "என்ன வேலை செய்கிறீர்கள்? எத்தனை வருடமாக?" என்று கேட்டு அட்டையில் எழுதவேண்டும். இதற்குச் செலவே இல்லை.

தேர்வு முடிந்ததும் தந்தையாரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகப்போகிறேன். ஒரு நாள் கூலி போய்விடுமே என்கிறார்.