முதலாளியின் கோபமும் தொழிலாளியின் உரிமையும்

கடிதக் காலத்தில் சபுராளிகளின் மனக்குறை வீடு வந்து சேர வாரங்கள் ஆகும். அதற்குள் அங்கே கோபித்தவர் மறந்திருப்பார். ஏச்சு வாங்கியவரும் ஒருவாறு தேறியிருப்பார். இன்று அப்படியில்லை. துபாயில் காலை பத்து மணிக்கு மேலாளர் வீசிய கடுஞ்சொல், நம்மூரில் லுஹர் பாங்கு சொல்வதற்கு முன்பே கூத்தாநல்லூரிலோ கீழக்கரையிலோ உள்ள மனைவியின் கைப்பேசியை எட்டிவிடுகிறது. கேட்ட மாத்திரத்தில் வீட்டார் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். தாய், "எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்துவிடு மகனே" என்பார். தந்தை, "சபூர் செய், கடன் இன்னும் தீரவில்லை" என்பார். இரண்டும் அன்பினால் வரும் சொற்களே. ஆயினும், முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமலே சொல்லப்படுபவை.

அந்த மனிதர் உன்னைக் கோபித்தாரா, அல்லது உன் உரிமையைப் பறித்தாரா? இதுவே அக்கேள்வி. முன்னதற்குரிய மருந்து வேறு, பின்னதற்குரிய மருந்து வேறு.

முதலாளி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், தொல்லை தருபவர் பல இடங்களில் கஃபீலான அரபி அல்லர். பெரிய நிறுவனங்களில் அவரை நேரில் காண்பதே அரிது. அன்றாடம் எதிரே நிற்பவர் ஃபோர்மன் அல்லது சூப்பர்வைசர். நம் நாட்டவராகவும், சில வேளை நம் மாவட்டத்தவராகவும் இருப்பார். ஊர்க்காரர் ஆயிற்றே, இரக்கம் காட்டுவார் என்று எதிர்பார்த்து ஏமாறுவோர் பலர். ஊர்க்காரர் என்பதாலேயே, பாரபட்சம் காட்டுகிறார் என்ற பழி வராதிருக்க அவர் மற்றவர்முன் கூடுதல் கண்டிப்புடன் நடந்துகொள்ளலாம் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகையவரின் கோபத்திற்குப் பெரும்பாலும் ஒரு நேரமும் ஒரு காரணமும் உண்டு. ஒப்பந்த வேலை குறித்த நாளில் முடியாவிட்டால் அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். மொழியும் குறுக்கே நிற்கும். அரைகுறை இந்தியிலும் அரைகுறை அரபியிலும் சொல்லப்பட்ட கட்டளைக்குப் புரியாமலே தலையாட்டிவிட்டுப் போய், தவறாகச் செய்து ஏச்சு வாங்குவது நம் பிள்ளைகளிடம் அதிகம். "இதைத்தானே செய்யச் சொன்னீர்கள்?" என்று அங்கேயே திருப்பிக் கேட்டுக்கொள்வதில் வெட்கம் எதற்கு? வேலை தாமதமாகும் என்று தெரிந்தால், அவர் வந்து கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும். விடுப்பு, ஊதிய உயர்வு போன்றவற்றை வெயிலும் நெருக்கடியும் உச்சத்தில் இருக்கும்போது கேட்காமல், வேலை தொடங்குமுன் தனியே கேட்பது நல்லது. பலர் முன்னிலையில் எதிர்த்துப் பேசுவதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. இன்னொன்று: இரவு அறையில் எட்டுப் பேர் கூடியிருக்கும்போது அவரைப் பற்றிச் சொன்னவை மறுநாள் காலை அவர் காதுக்குப் போய்விடும். எட்டுப் பேரும் நல்லவர்களே. செய்தி எப்படிப் போகிறது என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை!

ஆனால், பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது கோபமன்று. சம்பளத்தை நிறுத்தி வைப்பதும், கை நீட்டுவதும் கோபமல்ல. ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்வதும் அவ்வாறே. இவற்றிற்கு "சபூர் செய்" என்பது மருந்தாகாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கூலியைக் கேட்டுப் பெறுவதைப் பொறுமையின்மை என்று எவரும் குறை சொல்வதற்கில்லை.

அந்நாடுகளின் சட்டங்களும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், முதலாளியோ மேலதிகாரியோ தொழிலாளியைச் சொல்லாலோ செயலாலோ கொடுமைப்படுத்துவதைத் தடை செய்கிறது. அவருடைய ஆவணங்களைப் பறித்து வைப்பதையும் தடை செய்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை நேர்வெயிலில் வேலை வாங்குவதும் அங்கே பொதுவாகக் குற்றம். சவூதியில் 2021 மார்ச் 14 அன்று அமலுக்கு வந்த சீர்திருத்தம், உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் முதலாளியின் இசைவின்றியே வேறு நிறுவனத்திற்கு மாற வழி செய்தது. கத்தாரில் 2020ஆம் ஆண்டிலேயே தடையில்லாச் சான்றிதழ் முறை நீக்கப்பட்டது. சவூதிச் சீர்திருத்தத்தில் வீட்டு டிரைவர்களும் வீட்டு வேலையாட்களும் சேர்க்கப்படவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்மவர்களில் மிகவும் அல்லற்படுவோர் அவர்களே.

சட்டம் இருப்பதாலேயே நீதி நடந்தேறிவிடாது. அதற்குச் சான்று வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார், எந்த மாதச் சம்பளம் வரவில்லை, யார் முன்னிலையில் என்ன நடந்தது என்பவற்றைத் தேதியுடன் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். வாய்ச்சண்டையை விட, தேதியிட்ட பத்து வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

இவ்விடத்தில் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஆத்திரத்தில் வேலையிடத்தை விட்டு வெளியேறி, நண்பர் அறையில் போய்த் தங்கிவிடுவோர் இருக்கிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் முதலாளி "ஓடிப்போனவர்" என்று பதிவு செய்துவிட்டால், அதாவது சவூதியில் "ஹுரூப்" கொடுத்துவிட்டால், குறை சொல்ல வந்தவர் குற்றவாளியாகி நிற்பார். அடி உதையே ஏற்பட்டு உயிருக்கு அஞ்சி வெளியேற நேர்ந்தாலும், போக வேண்டிய இடம் நண்பர் அறையன்று; காவல் நிலையம், தொழிலாளர் அலுவலகம், அல்லது நம் தூதரகம். அமீரகச் சட்டம், வன்முறைக்கு ஆளானவர் முன்னறிவிப்பின்றி வேலையை விட இடமளிக்கிறது. ஆனால் முறையிட முடிந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த ஐந்து நாட்களை அறையில் அழுதே கழித்துவிடக் கூடாது.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. 2015ஆம் ஆண்டில் இந்திய வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய "மதத்" இணையத் தளத்தில், வெளிநாட்டில் இருப்பவருக்காக ஊரிலுள்ள உறவினரே முறையீட்டைப் பதிவு செய்யலாம். ஆனால் அவர் உண்மையைச் சொன்னால்தானே பதிவு செய்ய முடியும்? விசாவுக்கு வாங்கிய கடன், தங்கையின் நிக்காஹ், பாதியில் நிற்கும் மாடி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் நினைவூட்டும் வீட்டில், பிள்ளை "நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வான்? கொடிய மேலாளரின் அதிகாரத்தில் பாதி, நம் வீட்டுக் கடன் கணக்கிலிருந்தே அவருக்குக் கிடைக்கிறது. "வேலை போனாலும் பார்த்துக்கொள்ளலாம், நடந்ததை மட்டும் சொல்" என்று மனைவி ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பல மாதமாக வராத செய்தி அன்று வரும்.

விடுமுறையில் வந்திருப்பவர் திரும்பிச் செல்லுமுன் அவருடைய ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா, இகாமா ஆகியவற்றை நகலெடுத்து வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் முழுப் பெயர், அது இருக்கும் ஊர், உடன் தங்கியிருக்கும் இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றையும் அந்த நகலின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.