உங்கள் தெரு எவ்வளவு உயர்ந்திருக்கிறது?



சென்னை வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் “தண்ணி நல்லா வருமா?” என்று கேட்பார்கள். இப்போது “தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எவ்வளவு, 2023 மிக்ஜாம் புயலில் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் வேண்டும் அவர்களுக்கு. வீட்டுக்காரர் மறைத்தாலும் சுவரில் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட் அடித்துக் கோட்டை அழித்துவிட்டால் இருக்கவே இருக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மழைக்காலம் நெருங்கும்போது பள்ளிக்கரணையைப் பற்றிப் புலம்பி ஒரு பக்கம் எழுதுவது எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்குச் சடங்காகிவிட்டது. ஆகவே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமான கழுவெளியில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம், 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியபோது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்தான் கணக்கில் வந்தது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை, அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள், ஐ.டி. வளாகங்கள், நம்மைப் போன்றவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் எல்லாம் காணாமல் போன பகுதியின் மேல்தான் நிற்கின்றன. வேளச்சேரி ஏரியிலும் கால்வாசிகூட மிஞ்சவில்லை. பூநாரைகள் இன்னும் வருகின்றன என்பது ஆச்சரியம்தான்.

இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. நான் சொல்ல வந்தது உயரத்தைப் பற்றி.

அந்தப் பக்கத்துப் பழைய காலனி ஒன்றில் எந்தத் தெருவிலாவது நடந்து பாருங்கள். எண்பதுகளில் கட்டிய தனி வீடு. கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போயிருப்பார்கள். இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வாசலுக்குப் போகிறார்கள். வீடு இறங்கவில்லை, சாலைதான் ஏறியது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டி, ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்த்திவிட்டார்கள். கேட்டுக்கு அடியில் ஓரடி உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசியிருப்பார்கள், தெருத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க. பெரிய மழையில் அந்தத் தடுப்பைத் தாண்டி வருவதற்கு முன்பே குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடை மேலேறி வந்துவிடும். அந்த ஓட்டையில் பழைய துணியைத் திணித்து, மேலே மணல் மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வானிலை அறிக்கை வேறு எதற்கு?

வசதி இருப்பவர்கள் வீட்டையே தூக்குகிறார்கள். அஸ்திவாரத்தை ஒட்டிச் சுவரை உடைத்து, வரிசையாக ஜாக்கிகளைச் சொருகி, ஒருவர் குரல் கொடுக்க எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவு திருப்புகிறார்கள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வடமாநிலத்து இளைஞர்கள். சில வாரங்களில் வீடு மூன்று, நான்கு அடி உயர்ந்து நிற்கும். சுவரில் மாட்டிய படம்கூட அசையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். பார்க்க அதிசயமாகத்தான் இருக்கிறது.

இன்னும் வசதி இருந்தால் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம். மனையை முழுதாக மண் கொட்டி உயர்த்தி, கீழ்த்தளத்தைத் தூண்களோடு கார் நிறுத்த விட்டு, முதல் மாடியிலிருந்து குடியிருப்பார்கள். மரமும் தென்னையும் நின்ற தோட்டம் சிமென்ட் தரையாகிவிடும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது; குழாய் இருக்கும், அதன் அடியில் இருக்க வேண்டிய குழி பல இடங்களில் தூர்ந்து கிடக்கும். மழைக்குப் படகு வந்த அதே தெருக்களில் 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்ததையும் பார்த்தோம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் ஒரு மனை உயரும்போது அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் மாயமாவதில்லை. பக்கத்து மனைக்குப் போகிறது. அவரும் உயர்த்தினால் அடுத்தவருக்கு. கடைசியில் உயர்த்தவே முடியாத வீட்டில் போய் நிற்கிறது. பென்ஷனில் வாழும் தம்பதி, தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், கால்வாய்க் கரைக் குடிசை: தெருவின் வெள்ளம் முழுதும் இவர்கள் கணக்கில் எழுதப்படுகிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பில்லை. மிக்ஜாம் மழையில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டுமானத்துக்குத் தோண்டிய ஆழமான பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசை கட்டி நின்றதை நாடே பார்த்துச் சிரித்தது. அபராதம் போடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, இல்லை என்று காவல்துறை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு பெரிய வட்டாரத்தில் நம்பி ஏறி நிற்க அந்தப் பாலம் ஒன்றுதான் மேடு என்று குடியிருப்பவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-ல் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்திவைத்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து அரை கிரவுண்டு வாங்கியவருக்கு இது பேரிடிதான். அவர் கோபம் நியாயம். இத்தனை வருடம் தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டு இவர் முறை வரும்போது கதவைச் சாத்தினால் எப்படி? ஆனாலும் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதே என் கட்சி. சதுப்பு நிலத்தின் எல்லையை அளந்து சீக்கிரம் அறிவித்தால் மனை வாங்கியவர்களின் தவிப்பாவது குறையும்.

சதுப்பு நிலத்தை மீட்பது நம் கையில் இல்லை. தெருவின் உயரம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதமே உத்தரவிட்டிருக்கிறார். அந்த உத்தரவு எல்லாத் தெருக்களுக்கும் வந்து சேரவில்லை. அடுத்த முறை உங்கள் தெருவில் சாலை போட ஆள் வந்தால், தார் கொட்டுவதற்கு முன் வெளியே வந்து, “சுரண்டினீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் வேலையை நிறுத்தச் சொல்லி வார்டு கவுன்சிலரையும் மாநகராட்சிப் பொறியாளரையும் அழையுங்கள். உங்கள் வீடு மேட்டில் இருந்தாலும் கேளுங்கள், எதிர்வீட்டுக்காரருக்காக.

அன்புடன்,
ஆசிரியர்