ஒற்றையர் என்னும் சொல்

விம்பிள்டன் ஆடவர் இறுதியாட்டத்தை மட்டாஞ்சேரியில் ஒரு தேநீர்க்கடையில் நின்றபடியே பார்த்தேன். அருகில் இருந்த மலையாள நண்பர் 'புருஷ சிங்கிள்ஸ்' என்றார். நான் 'ஆடவர் ஒற்றையர்' என்றேன். அவர் சொன்ன சொல் ஆட்டத்தின் வகையைக் குறிக்கிறது. நம் சொல்லோ 'அர்' விகுதி பெற்று ஆடுபவரையே குறிக்கிறது: துணையின்றி நிற்பவர். நல்ல சொல்லாக்கம்தான். ஆயினும் அது ஓர் உண்மையை மறைக்கிறது என்பது என் கருத்து.

1937இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் அரையிறுதியை எட்டினார். முதலில் நீல் பிரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அவ்வவ்வாண்டின் பட்டம் அவர்களுக்கே சென்றது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதியில் வேறோர் இந்திய ஆடவர் ஆடியதில்லை.

திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. 1999இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்கள். கிருஷ்ணனுக்குப் பயிற்சியளித்தவர் அவர் தந்தை டி. கே. இராமநாதன். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1986இல் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றார். இதைக் குடும்ப மரபு என்று போற்றுகிறோம். வேறு வலுவான அமைப்பு இல்லாத நிலையில் குடும்பமே பயிற்சிக்கூடமாக நின்றது என்றே நான் வாசிக்கிறேன்.

அத்தகைய பின்புலம் வாய்க்காதவர் என்ன செய்வார்? 2023இல் சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 900 யூரோவே எஞ்சியிருப்பதாகக் கூறினார். சில மாதங்களில், 2024 ஆஸ்திரேலிய ஓபனில், தகுதிச் சுற்று வழியே நுழைந்து, தரவரிசையில் 31ஆம் இடம் தரப்பட்டிருந்த அலெக்சாண்டர் புப்ளிக்கை வென்றார். அதற்கு முன் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரவரிசை பெற்றவரை ஓர் இந்தியர் வென்றது 1989இல். அதே போட்டியில் மட்ஸ் விலாண்டரை வீழ்த்திய ரமேஷ் கிருஷ்ணன்தான் அவர். இடையில் 35 ஆண்டுகள்.

ஆய்வேட்டின் முகப்பில் ஒரே பெயர் இருக்கும். அது எத்தனை பேரின் உழைப்பாலும் பொருளாலும் உருவானது என்பதை நன்றியுரை எழுதிய எவரும் அறிவர். ஆகவே 'அடுத்த கிருஷ்ணன் எப்போது வருவார்?' என்று கேட்பதை விடுவோம். பயிற்சியாளருக்கும் பயணத்துக்கும் பணம் தருபவர் யார் என்று கேட்போம்.