சைக்கிள்காரரின் உயிரும் சாலையின் வேகமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் விடிவதற்கு முன்பும் இரவு பத்து மணிக்குப் பிறகும் சைக்கிள் மிதித்துச் செல்பவர்கள் யார்? அடுக்குமாடிக் குடியிருப்பில் ஷிப்டு மாறும் காவலாளி, நாகல்கேணி தோல் ஆலைத் தொழிலாளி, கட்டட வேலைக்குப் போகும் வடமாநில இளைஞர், கேனில் டீ விற்பவர், பால் பாக்கெட் போடுபவர். பேருந்து ஓடாத நேரத்தில் வேலை தொடங்குகிறவர்களுக்கும், வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாதவர்களுக்கும் சைக்கிள்தான் வாகனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளில் இருப்பவர்களில் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். ஆனால், சைக்கிள் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் ஹெல்மெட், பளிச்சென்ற சட்டை, பின்விளக்கு என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறோம். அந்தப் பட்டியலில் தவறில்லை. அதில் உள்ள எல்லாமே சாவதற்கு வாய்ப்புள்ளவரின் கடமைகளாக இருக்கின்றன, கொல்லக்கூடிய வாகனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் குறை. வேலைக்குச் சைக்கிளில் போகிறவர் வீடு திரும்புவாரா என்பதை முதலில் தீர்மானிப்பது அவருக்குப் பின்னால் வரும் வண்டியின் வேகம். அதைக் குறைக்கச் சட்டம் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் அதைச் செய்வது எளிதும்கூட.

தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இடது ஓரத்தைச் சைக்கிள் இருக்கையிலிருந்து பார்த்தால் சிக்கல் புரியும். மேல் மேலாகத் தார் போட்டதில் சாலையின் விளிம்பு படிபோல இறங்கியிருக்கும். அதை ஒட்டி, வண்டிகள் ஒதுக்கித் தள்ளிய மணல். அதற்கும் அந்தப் பக்கம் மழைநீர் வடிகாலின் மூடி, சில இடங்களில் ஏறியும் சில இடங்களில் இறங்கியும். இந்த இரண்டடி அகலத்தில்தான் சைக்கிள் போக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. முன்னால் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்றத் திடீரென்று நிற்கும். சைக்கிள் ஓட்டுபவருக்கு இரண்டே வழி: மணலில் பிரேக் பிடித்துச் சறுக்குவது, அல்லது வலது பக்கம் ஒடித்துப் போவது. ஒடிக்கும் அந்த நொடியில் பின்னால் வரும் பேருந்து எந்த வேகத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அவர் தலையில் ஹெல்மெட் இருந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். 30-ல் வந்தால் எட்டு மீட்டர் சொச்சம்தான். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்வது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்புக்கான ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. மேல்நாட்டுச் சொகுசு இது என்று ஒதுக்க முடியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் சைக்கிள்காரர்கள் மட்டும் 4,800 பேருக்கு மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. உயிரிழப்பில் 17,884 என்று உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி நகராட்சி எல்லைக்குள் கார்கள் 70 கிலோமீட்டர் வரையிலும் இருசக்கர வாகனங்கள் 60 வரையிலும் போகலாம். ஆனால் அது மேல்வரம்பு மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு, குறைவான வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்துத்தான் 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்று அறிவித்தது. தாம்பரத்துக்கு 2021 நவம்பரிலிருந்து தனி மாநகராட்சி உண்டு. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகள். 2022 தொடக்கத்திலிருந்து தனிக் காவல் ஆணையரகமும் உண்டு. ஆக, முடிவெடுக்கும் கதவுகள் உள்ளூரிலேயே இருக்கின்றன. முடிச்சூர் சாலையும், கேம்ப் ரோடு சந்திப்பைச் சுற்றியுள்ள சேலையூர்த் தெருக்களும், சிட்லபாக்கம், செம்பாக்கம் உட்சாலைகளும் தேசிய நெடுஞ்சாலைகள் அல்ல. பள்ளி, காய்கறிக் கடை, கோயில், ரயில் நிலையத்துக்குப் போகும் கூட்டம் எல்லாம் அவற்றில்தான். வீட்டிலிருந்து ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு வரை இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதிக்கிறவர்களின் பாதை இதுவே. இந்தச் சாலைகள் முழுவதற்கும் 30 என்று அறிவிக்கத் தடை எதுவும் இல்லை.

வேகத்தைக் குறைத்தால் எல்லாரும் தாமதமாகப் போவார்களே என்பார்கள். மூன்று கிலோமீட்டரை 50-ல் கடக்க மூன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும், 30-ல் ஆறு நிமிடம். வித்தியாசம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு, அதுவும் நடுவில் சிக்னலோ நெரிசலோ இல்லாமல் பறக்க முடிந்தால். காலை எட்டரை மணிக்கு வேளச்சேரி மெயின் ரோட்டில் அப்படிப் பறக்க யாராலும் முடியாது. அதனால் 30 என்ற வரம்பு நெரிசல் நேரத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை. சாலை காலியாக இருக்கும் விடியற்காலையிலும் பின்னிரவிலும்தான் அது வேலை செய்யும். நம் காவலாளியும் பால்காரரும் சாலையில் இருப்பது அந்த நேரத்தில்தான். பலகை வைத்தால் மட்டும் யார் மதிப்பார்கள் என்ற கேள்வி இதைவிட நியாயமானது. பலகையால் ஆகாது, சாலையின் வடிவத்தால்தான் ஆகும். ஆனால் நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் குறுகிய, செங்குத்தான வேகத்தடை சைக்கிள்காரரையே முதலில் கீழே தள்ளுகிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-லேயே அதற்கு அளவு கொடுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. காரின் வேகத்தை அது 25 அளவுக்கு இறக்கும், சைக்கிளை உலுக்காது. அளவு இருக்கும்போது அளவில்லாத மேட்டை ஏன் போடுகிறோம் என்று வார்டு உறுப்பினர்கள் ஒப்பந்தக்காரரிடம் கேட்டாலே பாதி வேலை முடியும்.

ஜி.எஸ்.டி. சாலைக்கு இது போதாது. வெளியூர்ப் பேருந்துகளும் லாரிகளும் ஓடும் சாலையை 30-க்குக் கொண்டுவருவது நடக்காது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் பெருங்களத்தூர் முதல் வண்டலூர் வரை மாநகரப் பேருந்துகளும் பெருகியிருக்கின்றன. அங்கே தேவை தனித் தடம். சைக்கிள்கள் எண்ணிக்கையில் குறைந்துவிட்டன, அவற்றுக்குத் தடம் எதற்கு என்பவர்கள், இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962-ல் எழுதிய வரையறையைப் பார்க்க வேண்டும். மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் போகும் சாலையில், உச்ச நேரத்தில் 100 சைக்கிள்கள் இருந்தாலே தனித் தடம் நியாயம் என்றது அது. ஜி.எஸ்.டி. சாலையில் 200 வண்டிகள் கடக்கச் சில நிமிடங்கள் போதும். இன்றைய எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேவையை அளப்பதும் சரியல்ல. பயந்து சைக்கிளை விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சைக்கிள்கள் கூடும்போது ஒவ்வொரு சைக்கிள்காரருக்குமான ஆபத்து குறைகிறது என்று 2003-ல் ஆய்வாளர் பீட்டர் ஜேக்கப்சன் பல நகரங்களின் தரவுகளைக் கொண்டு காட்டினார். எண்ணிக்கை இருமடங்கானால் காயங்கள் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றன.

தனித் தடத்துக்கு எதிரான வலுவான வாதம் வேறு: போட்ட மறுநாளே பைக்குகள் அதில் ஏறிவிடும், மறுவாரம் அதில் கார்கள் நிற்கும். இது உண்மை. வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைவதால் பயனில்லை என்பதை நானும் ஏற்கிறேன். உயர்த்திய விளிம்பும், பைக் நுழைய முடியாதபடி நெருக்கமான கற்றூண்களும், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகும் வழியும் இல்லையென்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் இருப்பதே மேல். சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது; சாலைப் போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. அந்த மாநகராட்சியின் எல்லை பல்லாவரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தாம்பரம் மாநகராட்சி தனக்கென ஒரு கொள்கையை எழுதிக்கொள்ள வேண்டும். அதில் ரயில் பாதையைக் கடப்பதற்கும் இடம் இருக்க வேண்டும். கிழக்குத் தாம்பரத்தையும் மேற்கையும் பிரிப்பது அதுதான். நடைமேம்பாலத்தின் படிக்கட்டு ஓரமாகச் சைக்கிளை உருட்டிச் செல்ல ஒரு கான்கிரீட் சரிவு போதும், பெரிய செலவில்லை.

சைக்கிள்காரர்கள் மட்டும் ஒழுங்கா, எதிர்த்திசையில் வருகிறார்கள், விளக்கே இல்லை என்ற குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. எதிர்த்திசையில் வருவது ஆபத்து, அதை விட வேண்டும். ஆனால் நடுத்தடுப்பை அடைத்து யு-டர்னைத் தொலைவுக்குத் தள்ளியபின், கூடுதல் தூரத்தைக் கால்களால் மிதிக்க வேண்டியவர் குறுக்கு வழி தேடுவதில் சாலையை வரைந்தவர்களுக்கும் பங்கு உண்டு. சைக்கிள் ஓட்டுபவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியவற்றில் முக்கியமானது, நிற்கும் லாரிக்கும் பேருந்துக்கும் இடதுபுறம் நுழையாமல் இருப்பது. ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாத இடம் அது, லாரி இடப்பக்கம் திரும்பினால் தப்ப வழியில்லை. பின்விளக்கு அடுத்து. ஹெல்மெட் கீழே விழுந்தால் தலையைக் காக்கும், பேருந்து மோதினால் அதிகம் உதவாது. ஹெல்மெட்டைப் பெரும்பாலானோர் அணியாத நெதர்லாந்தில் சைக்கிள் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், 1970-களின் தொடக்கத்தில் குழந்தைகளின் சாவைக் கண்டு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடி, சாலைகளையே மாற்ற வைத்தது. இங்கே காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்கள் சீருடையோடு ஒரு பின்விளக்கும் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையும் கொடுக்கலாம். அதைக்கூட அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் சுமத்துவது அநியாயம்.

கோவை எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லா வண்டிகளுக்குமான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டு விதிகள் சைக்கிள்காரர் எங்கே போகக்கூடாது என்ற தடைப்பட்டியலாகக் குறுகினால் வழக்குத் தொடுத்ததன் நோக்கமே வீணாகும். குடியிருப்பு, பள்ளி, ரயில் நிலையச் சாலைகளுக்கு 30 கிலோமீட்டர் என்பதும், சாலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் விளிம்புப் படியைச் சமன்செய்து வடிகால் மூடியைச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம் என்பதும் அந்த விதிகளில் இடம்பெற வேண்டும். தவறான வடிவமைப்பால் சாவு நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவு 2019 திருத்தத்திலிருந்தே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு சைக்கிள் விபத்தின் முதல் தகவல் அறிக்கையோடும் சாலையின் அந்த இடம் எப்படி இருந்தது என்ற குறிப்பும் படமும் சேர வேண்டும். தாம்பரம் காவல் ஆணையரகம் இதற்குச் சட்டத் திருத்தம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.