மறைத்த வித்தையும் பரந்த ஓவியமும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பூஜை அலமாரியில் தாமரைமேல் நின்ற கோலத்தில் இலக்குமி படம் இருக்கும். அந்த வடிவத்தை வீடுதோறும் பரப்பிய ராஜா ரவிவர்மா, தைல வண்ண ஓவியத்தை எந்தப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர் என்பதைப் பலர் அறியார்.

திருவிதாங்கூர்ச் சீமையில் கிளிமானூரில் 1848-இல் பிறந்த அவருக்கு முதற்பாடம் சொன்னவர் தாய்மாமன். பின்பு திருவனந்தபுரம் சென்றபோது, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தைல வண்ண நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தார். அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே இரகசியமாகச் சிறிது சொல்லிக் கொடுத்தார் என்று வரலாறு எழுதினோர் கூறுவர். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்கவே இடங்கொடுத்தார். எஞ்சியதெல்லாம் ரவிவர்மாவின் சொந்த உழைப்பு.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. அதன்பின் ஆளுநர்களும் மன்னர்களும் தங்கள் உருவப்படத்துக்கு அவரையே நாடினர். ஆயினும் அரண்மனைச் சுவர்களோடு தம் ஓவியம் நின்றுவிட அவர் விரும்பவில்லை. 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். அது பின்னர் லோணாவ்ளாவை அடுத்த மளவ்லிக்கு மாறிற்று. மும்பையிலிருந்து புனே செல்லும் அன்பர்கள் ரயிலில் கடக்கும் சிறு நிலையந்தான் அது. எளியவர் வீட்டுக்கும் வண்ணப்படம் அங்கிருந்தே சென்றது.

1906-இல் அவர் மறைந்தபின், மேனாட்டு முறையைப் பின்பற்றியவர் என்றும், நாட்காட்டிப் படக்காரர் என்றும் விமரிசகர் பலர் ஒதுக்கினர். 1993-இல், மறைந்து 87 ஆண்டுகள் கழித்து, புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய மூல ஓவியங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. ஓவியர் ஏ. ராமச்சந்திரனும் ரூபிகா சாவ்லாவும் அதனை அமைத்தனர். மங்கிய அச்சுப்படங்களையே கண்டு பழகியவர்கள், பட்டின் மினுக்கையும் மேனியின் ஒளியையும் அங்கே நேரிற் கண்டனர். அவரைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது.

வெளியூரில் வாழும் நம் குழந்தைகளிற் சிலர் கணக்கு நோட்டின் ஓரத்தில் முகங்களை வரைகின்றனர். கற்பிக்க ஆசிரியர் அருகில் இல்லை, "இது சோறு போடுமா?" என்ற கேள்வி மட்டும் உடனே வருகிறது. அக்குழந்தையை ஒரு ஞாயிறன்று ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். வரையத் தெரிந்த சங்க அன்பர் அதனைத் தம் அருகில் அமர்த்திப் பார்க்க விடலாம்.

நாயக்கரும் தேர்ந்த ஓவியரே. ஆயினும் இன்று அவர் பெயர் பெரும்பாலும் நினைக்கப்படுவது கற்பிக்க மறுத்ததற்காகத்தான். கற்றதை மறைப்பதால் நமக்கு எஞ்சுவது அவ்வளவே.