இன்னொரு வைரஸ்

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் பிற்பாடு உலகுக்கே முன்மாதிரி ஆனது. பாலியல் தொழிலாளர்களே சக பெண்களிடம் ஆணுறை பற்றிப் பேசினார்கள். 2004-ல் அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தது. எச்.ஐ.வி. என்றால் மரணம் என்ற நிலை மாறியது.

ஆயுள் நீண்டதும் வேறொரு கவலை தலைகாட்டுகிறது: எச்.பி.வி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான இந்த வைரஸ், வாய்வழி உறவு மூலம் தொண்டைக்கும் பரவும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது அதிகம். எளிதில் விலகுவதும் இல்லை. ஏ.ஆர்.டி. மருந்து எச்.ஐ.வி.யை அடக்கும், எச்.பி.வி.யைக் கொல்லாது. இதன் 16-ம் வகை தங்கிவிட்டால், பல ஆண்டுகள் கழித்து டான்சிலிலோ அடிநாக்கிலோ புற்றுநோய் வரலாம்.

இந்தியாவில் வாய்ப் புற்றுநோய்க்கு முதல் காரணம் இன்றும் புகையிலைதான். புகையிலை பற்றி டாக்டரிடம் தயங்காமல் சொல்பவர்களும் வாய்வழி உறவு என்றதும் மௌனமாகிவிடுகிறார்கள்.

2022-ல் உள்நாட்டுத் தடுப்பூசி செர்வாவாக் அறிமுகமானது. தொற்றுக்கு முன் போட்டால்தான் முழுப் பலன். வந்துவிட்ட தொற்றை அது குணப்படுத்தாது. கருப்பைவாய்க்கு இருப்பதுபோல் தொண்டைக்கு முன்கூட்டிய பரிசோதனை முறையும் இல்லை. மூன்று வாரம் ஆறாத புண், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி - இவற்றை உடனே டாக்டரிடம் காட்டுவதுதான் வழி.

சோனாகாச்சிப் பெண்கள் கூச்சத்தை விட்டுப் பேசியதால்தான் அங்கே எச்.ஐ.வி. கட்டுக்குள் வந்தது. இந்த வைரஸ் விஷயத்திலும் முதலில் வாய் திறக்க வேண்டும்.