பழியை எண்ணெய்ச் சட்டி மேல் போடாதீர்கள்

புனேயில் நம்மவர் ஒருவருக்கு நாற்பது வயதில் மாரடைப்பு என்றால் போதும், தீர்ப்பு தயார். "ஊரை விட்டு வந்தாச்சு, கண்ட எண்ணெய்ல சாப்பாடு. வேற என்ன ஆகும்?" அவருடைய அப்பா ஊரிலேயே இருந்து, களியும் கீரையும் தின்று, நாற்பத்தைந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவராக இருப்பார். அது யாருக்கும் உறைக்காது.

பரம்பரைக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது சார். சுமார் 250 பேரில் ஒருவருக்கு. ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் ஈரலில் பிறவியிலேயே குறைவு. எங்கள் பாஷையில், பத்து கவுண்டர் கிளையில் ஐந்துதான் திறந்திருக்கிறது. இதைத் துலக்கிய பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிங்க் குழாய் அடைப்பு மாதிரி என்று நினைக்க வேண்டாம். தேங்கிய கொழுப்பு ரத்தக்குழாயின் உட்சுவரை உறுத்த, சுவர் ஒட்டுப் புரதங்களை நீட்டுகிறது. நோய் எதிர்ப்புக் காவலர்களான மோனோசைட் வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, உள்ளே புகுந்து, கொழுப்பை விழுங்கி, வெளியேற முடியாமல் அங்கேயே படிகின்றன. கொழுப்பு மிகுந்தவர்களின் மோனோசைட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாக ஒட்டுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பரம்பரைக் கொழுப்பில் இந்த வேலை சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆள் ஒல்லியாக இருந்தாலும்தான்!

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுத்தால் இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடும். அப்படி இருந்தால், நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தை இரண்டையும் வாங்கிக்கொள்ளும். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். "உங்க வீட்ல சின்ன வயசுல யாருக்காவது ஹார்ட் அட்டாக்?" என்று கேட்க மட்டும் கௌரவம் தடுக்கிறது.

"பரம்பரைன்னா தலையெழுத்துதானே?" இல்லவே இல்லை. உணவுக் கட்டுப்பாடு நல்லதுதான், ஆனால் இதற்கு அது மட்டும் போதாது. ஸ்டாட்டின் எல்.டி.எல்.லைக் குறைக்கிறது, அந்த ஒட்டலையும் தணிக்கிறது. ஆயுசுக்கும் விட முடியாதாமே என்கிறீர்களா? வீட்டுக் கடனுக்கு இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டுகிறோமே, அதற்கு மட்டும் அலுப்பதில்லையா?

எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், அல்லது குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். உங்களோடு நிறுத்தாமல் பிள்ளைகளுக்கும், ஊரிலிருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் ரத்தம் பாருங்கள். டியூஷனுக்குக் கட்டும் ஒரு மாதக் காசுகூட ஆகாது.